போர் மாற்றிய முகங்களை வரைவதும் படமெடுப்பதும்: கொழும்பில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்கள் முதலில் கருவிகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தக் காகிதம் வாங்குவது, எந்த லென்ஸ் பொருந்தும், எண்ணெய் வர்ணமா, பாஸ்டல் என்ற உலர் வர்ணக் குச்சியா? அவற்றுக்குக் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் ஷெல் துண்டோ துப்பாக்கிச் சூடோ மிதிவெடியோ மாற்றிவிட்ட ஒரு முகத்தின் முன்னே உட்காருவதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? வைத்தியரா, அந்த மனிதரின் பிள்ளைகளா, லயனல் வென்ட் அரங்குக்கு மாலையில் வந்து போகும் கூட்டமா, முகநூலில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்களா? பார்ப்பவர் மாறினால் வெளிச்சமும் தூரமும் தலைப்பும் மாறும். சில வேளைகளில் படமே வேண்டாம் என்ற முடிவுக்கும் வந்துவிடுவீர்கள்.

கொழும்பில் போர் நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. விஹாரமகாதேவி பூங்காவில் எட்வின் லட்யென்ஸ் வடிவமைத்த முதலாம் உலகப் போர்த் தூபி நிற்கிறது. பாராளுமன்றத்துக்கு அருகே, 2009இல் முடிந்த போரில் இறந்த படையினரின் பெயர்களைப் பொறித்த நினைவிடம் இருக்கிறது. அந்தக் கற்களில் இறந்தவர்களுக்குத்தான் இடம், அதுவும் எல்லா இறந்தவர்களுக்கும் அல்ல. தாடை போய் உயிர் தப்பியவர் 100ஆம் இலக்க பஸ்ஸில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாம் அவரைக் காணாதது போலக் காலி வீதிப் பக்கம் தலையைத் திருப்பிக்கொள்கிறோம். அவரை நேராகப் பார்க்கப் பழகுவதுதான் இந்த வேலையின் பாதி.

முதற்படி: பார்வையாளரைத் தீர்மானியுங்கள்

முதலாம் உலகப் போரில் இந்த வேலையைச் செய்தவர்களைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரே மாதிரிக் காயத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்காகச் செய்தார்கள். அதனால் கிடைத்தவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத படங்கள்.

ஹென்றி டொங்ஸ் (1862–1937) சத்திரசிகிச்சை நிபுணராகத் தேறிய பிறகு தூரிகையைப் பிடித்தவர். லண்டன் ஸ்லேட் கலைக் கல்லூரியில் கண்டிப்பான ஆசிரியர். 1916இல் அல்டர்ஷொட் இராணுவ வைத்தியசாலையில், நியூசிலாந்தில் பிறந்த ஹரோல்ட் கில்லிஸ் முகச் சத்திரசிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலையில் சொம் போர் தொடங்கியதும், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு காயக்காரர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். 1917இல் இந்த வேலை லண்டனுக்கு அருகே சிட்கப்பில் புதிதாகத் திறந்த குயின்ஸ் வைத்தியசாலைக்கு மாறியது. கில்லிஸுக்காக டொங்ஸ் அந்தப் படையினரைப் பாஸ்டலில் வரைந்தார், பலரைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும். அன்றைய வைத்தியப் புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. ஈரத் தசைக்கும் உலர்ந்த தோலுக்கும் உள்ள நிற வேறுபாட்டை அவை காட்டாது. பாஸ்டல் அதைக் காட்டியது. அந்தச் சித்திரங்கள் நோயாளர் பதிவுக்காக ஆனவை. பொதுமக்கள் பார்வைக்கு அவை உகந்தவை அல்ல என்றே டொங்ஸ் நினைத்தார். இன்று லண்டனில் உள்ள றோயல் கொலிஜ் ஒப் சேர்ஜன்ஸின் ஹன்டேரியன் அருங்காட்சியகம் அவற்றைப் பாதுகாக்கிறது. கைத்தொலைபேசி இருக்கும் எவரும் அவற்றைப் பார்க்கலாம். ஓவியர் மனத்தில் வைத்திருந்த பார்வையாளர் ஒருவர், கடைசியில் வந்து சேர்ந்தவர்கள் வேறு. அனுமதிக் கடிதத்தைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கச் சிற்பி அனா கோல்மன் லாட் பாரிஸில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவோடு முகமூடிக் கூடம் நடத்தினார். முகத்தில் சாந்து அச்சு எடுத்து, காயத்துக்கு முந்திய புகைப்படத்தைப் பார்த்து வடிவம் கொடுத்து, மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்தார். அந்த மனிதர் அதை அணிந்திருக்கும்போதே அவரது தோலுக்கு ஏற்ப எனாமல் பூசினார். லண்டனில் அதே வேலையைச் சிற்பி பிரான்சிஸ் டெர்வென்ட் வூட் செய்தார். இவர்களுடைய பார்வையாளர் தெருவில் எதிரே வருகிறவர். அவர் எதையும் கவனிக்காமல் கடந்து போனால் வேலை வெற்றி.

ஜேர்மன் போர் எதிர்ப்பாளர் ஏர்ன்ஸ்ட் பிரீட்ரிக் 1924இல் வெளியிட்ட போர் எதிர்ப்பு நூல் இதற்கு நேர்மாறு. காயம்பட்ட முகங்களின் வைத்தியப் புகைப்படங்களை நான்கு மொழிக் குறிப்புகளோடு அச்சிட்டு, பார், நன்றாகப் பார் என்று வாசகனின் கழுத்தைப் பிடித்துத் திருப்பினார். அடுத்த ஆண்டு பெர்லினில் போர் எதிர்ப்பு அருங்காட்சியகமும் திறந்தார். 1933இல் நாசிகள் அதை நாசமாக்கினார்கள். அவருடைய நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முகங்களுக்கு உரியவர்கள் வைத்தியருக்காகக் கமராவின் முன் உட்கார்ந்தவர்கள், வாசகருக்காக அல்ல. நோக்கம் நல்லதாக இருப்பதால் இந்தக் கணக்குத் தீர்ந்துவிடாது.

அரசுகளுக்கும் இந்த முகங்கள் பயன்பட்டன. 1919 ஜூன் 28இல் வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் உடன்படிக்கை கையெழுத்தானபோது, முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சுப் படையினரைப் பிரதமர் கிளெமென்சோ அங்கே வரவழைத்து நிறுத்தினார். கையெழுத்திட வந்த ஜேர்மன் பிரதிநிதிகள் அவர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த ஐவரின் புகைப்படம் அஞ்சலட்டையாகவும் வெளிவந்தது.

ஜேர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸ் 1920இல் வரைந்த சீட்டாடும் மூன்று முன்னாள் படையினரைப் பார்த்துவிட்டு, அதே பாணியில் தொடங்க வேண்டும் என்ற ஆசை பல மாணவர்களுக்கு வருகிறது. வேண்டாம். டிக்ஸ் இயந்திரத் துப்பாக்கியோடு அதே போரில் நின்றவர். அந்தக் கேலி அவருடைய சொந்தத் தோலில் இருந்து வந்தது. அந்தச் சீட்டாட்டக்காரர்கள் எந்தத் தனி மனிதரின் உருவமும் அல்ல, ஒரு சமூகத்தின் மீது வைத்த குற்றச்சாட்டு. உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கோ பெயர் இருக்கிறது, ராகமவுக்கு ரயில் பிடிக்க வேண்டிய அவசரமும் இருக்கிறது.

ஒரு தாளில் ஒரே வசனம் எழுதுங்கள்: இந்தப் படம் இன்னாருக்காக. எழுத வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: மனிதரிடம் போவதற்கு முன் கையைப் பழக்குங்கள்

முதலில் மண்டையோடு. சாந்தில் வார்த்ததாக இருந்தாலும் போதும். கீழ்த்தாடை, கன்ன எலும்பு, கண்குழியின் விளிம்பு ஆகிய மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிய வேண்டும். எலும்பு எங்கே இருந்திருக்க வேண்டும் என்று தெரியாதவருக்கு, அது எங்கே இல்லை என்பதும் தெரியாது.

பிறகு டொங்ஸின் பாஸ்டல்களைத் திரையில் பெரிதாக்கி வைத்துப் பிரதி செய்யுங்கள். அவர் கண்களை எப்படி முடித்திருக்கிறார், காயத்தை எந்த இடத்தில் கோடாகவும் எந்த இடத்தில் தேய்ப்பாகவும் விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். பிரதி எடுக்கும்போது இன்னொன்றும் நடக்கும். முதலில் அடிவயிற்றைப் பிசைகிற அந்த உணர்ச்சி மெல்ல அடங்கி, பார்க்கிற கண் மட்டும் மிஞ்சும். அந்த அதிர்ச்சியை வீட்டிலேயே காகிதத்தின் முன் தீர்த்துவிடுங்கள். அதை உங்கள் முகத்தில் பார்க்கும் பாக்கியம் எதிரே இருப்பவருக்கு வேண்டாம். ஏற்கெனவே போதுமான அளவு பார்த்திருப்பார்.

புகைப்படக்காரர்களுக்குக் கொழும்பிலேயே ஒரு பள்ளிக்கூடம் உண்டு. லயனல் வென்ட் (1900–1944) எடுத்த உருவப்படங்களைத் தேடிப் பாருங்கள். பழுப்புத் தோலில் வெளிச்சம் எப்படி இறங்குகிறது, நிழலுக்குள்ளும் எத்தனை சாயல்கள் இருக்கின்றன என்பதை அவரளவுக்குச் சொல்லித்தந்த இலங்கையர் குறைவு.

மூன்றாம் படி: ஆளைத் தேடுவதும் அனுமதியும்

இராணுவ வைத்தியசாலை விடுதிக்குள்ளோ முகாமுக்குள்ளோ எழுத்து மூல அனுமதி இல்லாமல் கமராவோடு நுழையலாம் என்று கனவு காணாதீர்கள். ராகமவில் உள்ள ரணவிரு செவண போன்ற புனர்வாழ்வு நிலையங்களுக்கும் இதே விதிதான். கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். பதில் வராமலும் போகலாம். தொடங்குபவர்களுக்கு எளிய வழி, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் ஒருவரைத் தெரிந்தவர் மூலம் அணுகுவது. தெரிந்தவர் என்றால் அவர் மதிக்கிற ஒருவர். தெருவில் கண்டு பின்னாலேயே போய்க் கேட்பதைப் போல அவமானம் வேறில்லை.

அவர் சிங்களவராக இருந்தால் கடிதம் சிங்களத்தில் இருக்க வேண்டும். உங்கள் சிங்களம் சந்தைச் சிங்களமாக இருந்தால், நன்றாகப் பேசுகிற ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஒரு தமிழர் என்னை எதற்காக வரைய வேண்டும் என்று அவர் கேட்பார். அதே கேள்வியை வெள்ளவத்தையில் உங்கள் சித்தப்பாவும் கேட்பார், இன்னும் கொஞ்சம் காரமாக. இரண்டு இடத்திலும் ஒரே பதிலைச் சொல்லக்கூடியவராக இருங்கள். நான் சொல்வது இது: போரைப் பற்றி எனக்கென்று ஒரு கருத்து இருக்கிறது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன், உங்கள் முகத்தின் மேல் எழுதவும் மாட்டேன்.

முன்னாள் போராளிகள் விஷயத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வன்னியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருக்கும் ஒருவருடைய முகம் பொதுவெளிக்கு வந்தால், வீட்டு வாசலுக்கு யார் வருவார்கள் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். முகக் காயம் கைரேகையைப் போல, பெயரை மறைத்தாலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் சரி என்றாலும், அவசரத்தில் சொன்ன சரியை ஏற்காதீர்கள். வரைந்துவிட்டு யாருக்கும் காட்டாமல் அவரிடமே கொடுத்துவிடலாம். அதுவும் முழுமையான வேலைதான்.

அனுமதிக் கடிதத்தில் கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள். வரையலாமா, படமெடுக்கலாமா? காட்சிக்கு வைக்கலாமா? இணையத்தில் போடலாமா? பெயர் சொல்லலாமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கையொப்பம் வேண்டும். பிற்பாடு மனம் மாறினால் யாருக்குச் சொல்வது என்பதையும் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் படங்கள் யாரிடம் போகும் என்பதையும் எழுதுங்கள், டொங்ஸின் கோப்புக்கு நடந்ததை மறக்காமல். கடிதத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். கண்ணில் காயம் உள்ளவரிடம் தாளை நீட்டி இதில் ஒப்பமிடுங்கள் என்பது அனுமதி ஆகாது. அன்றே ஒப்பம் வாங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மனைவியும் பிள்ளைகளும் அதைப் படிக்கட்டும், நாளைக்கு அந்தப் படத்தைப் பாடசாலை நண்பனின் தொலைபேசியில் பார்க்கப் போவது அந்தப் பிள்ளைதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தனி வகையாக வைத்திருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பணம் கொடுங்கள். போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் குறைந்தபட்சம். இது தியாகத்துக்கான விலை அல்ல. உட்கார்ந்த நேரத்துக்கான கூலி, எந்த மொடலுக்கும் கொடுப்பது போல.

நான்காம் படி: அறையைத் தயார் செய்யுங்கள்

இதைப் புத்தகங்களில் காண்பது அரிது. கொழும்பு வெயிலிலும் புழுக்கத்திலும் இதுதான் அமர்வைக் காப்பாற்றுகிறது.

தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டிய இடத்தில் பெரும்பாலும் வியர்வை வராது. முகத்தின் மற்றப் பாதி நனைந்து வழிய, அந்தப் பாதி வரண்டு சூடேறும். ஆகவே காற்று வேண்டும். ஆனால் இமை முழுதாக மூடாத கண்ணில் மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால், சற்று நேரத்திலேயே கண் எரிந்து நீர் கொட்டும். விசிறியைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். குண்டுவெடிப்பில் ஒரு காது போனவர்கள் பலர். எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். தேநீர் கொடுக்கும்போது உறிஞ்சுகுழாய் ஒன்றையும் தட்டில் வையுங்கள். வேண்டுமா என்று கேட்டு நிற்க வேண்டாம், இருந்தால் எடுத்துக்கொள்வார். உதடு முழுதாகப் பொருந்தாதவர் கைக்குட்டையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வர்ணப் பெட்டியில் எதையாவது தேடுங்கள்.

கண்ணாடி இருக்கலாமா? சிட்கப் வைத்தியசாலை விடுதிகளில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் தடை இருந்தது. அது காயம் பச்சையாக இருந்த காலம். நம்மிடம் வருபவர் பல ஆண்டுகளாக அந்த முகத்தைச் சவரம் செய்துகொண்டிருப்பவர். நீங்களாகக் கண்ணாடியை மறைத்தால்தான் அவருக்கு உறுத்தும்.

வயதில் மூத்தவரை அண்ணன் என்று கூப்பிடுங்கள். படைப் பதவியால் அழைக்க வேண்டும் என்று அவர் விரும்பினால் அப்படியே செய்யுங்கள். எப்படிக் காயப்பட்டது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். கேட்கத் தோன்றினால் கிரிக்கெட்டைப் பற்றிக் கேளுங்கள். சொல்ல வேண்டியதை அவரே சொல்வார், பெரும்பாலும் நீங்கள் கிளம்புகிற நேரத்தில்.

ஐந்தாம் படி: வரைதல்

புதியவர்கள் எல்லாத் தழும்பையும் சிவப்பாக்குகிறார்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. இன்று நீங்கள் பார்க்கிற போர்த் தழும்பு எதுவும் புதியது அல்ல. புதிய தழும்புதான் சிவக்கும். பழையது பழுப்புத் தோலில் ஒன்று வெளிறிப்போகும், இல்லையேல் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து நிற்கும். சிலருக்குத் தடித்து, மேடாகி, மெழுகு போலப் பளபளக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் இந்தத் தடிப்பு அதிகம். டொங்ஸின் இளஞ்சிவப்பு வர்ணங்களை அப்படியே எடுத்தால் பொம்மைதான் வரும். எரிந்த சியென்னா (burnt sienna), எரிக்காத அம்பர் (raw umber), காவி, கொஞ்சம் மங்கிய ஊதா, நிழலுக்கு ஒலிவ் பச்சை. இவை போதும். காகிதம் வெள்ளையாக இருக்க வேண்டாம். நடுத்தரப் பழுப்போ சாம்பலோ எடுத்தால் வெளிறிய தழும்பும் கறுத்த தழும்பும் இரண்டு பக்கமும் எழும்பி வரும்.

ஒட்டுத்தோல் வைத்த ஒரு கன்னத்தை நெருங்கிப் பார்ப்போம். விளிம்பு ஒரு தேசப்படத்தின் கரையோரம் போல வளைந்து ஓடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டியதும் தாடி நின்றுவிடுகிறது. உள்ளே மயிர்க்கால் இல்லை, நுண்துளை இல்லை, அதனால் வெளிச்சம் சிதறாமல் ஒரே பட்டையாக வழுக்கிப் போகிறது. மேலுதட்டுக்குத் தலைத்தோலைத் திருப்பி வைத்திருந்தால், அங்கே மீசை தலைமுடியைப் போல நீளமாக வளரும். அவர் அதைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தழும்பு சுருங்கிச் சுருங்கிக் கீழிமையை இழுத்திருப்பதால், கண்ணின் அடியில் ஈரமான சிவப்பு விளிம்பு ஒன்று தெரிகிறது. முகம் முழுவதிலும் சிவப்பு தேவைப்படும் ஒரே இடம் அதுதான். நரம்பு செத்த பக்கத்து நெற்றியில் சுருக்கம் இல்லை. ஐம்பது வயது மனிதரின் ஒரு பாதி மட்டும் இளமையாக நிற்கிறது. இதையெல்லாம் கண்டுபிடிக்க நிதானம் வேண்டும், சோகம் உதவாது.

அமைப்பில் வருகிற பெரிய பிழை வேறு. முழு முகம் ஒன்றை ஒழுங்காக வரைந்துவிட்டு, பிறகு ஒரு பக்கத்தில் காயத்தை ஒட்டுகிறார்கள். கீழ்த்தாடையில் ஒரு துண்டு போனால் நாடியே அந்தப் பக்கம் விலகும். வாயின் நடுக்கோடு மூக்கின் நடுக்கோட்டோடு பொருந்தாது. நல்ல பக்கமும் இழுபட்டிருக்கும். நூலில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, மூக்கின் வேரிலிருந்து நாடி எவ்வளவு விலகியிருக்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். காயம் ஒரு மூலையில் இருந்தாலும் முகம் முழுவதும் அதற்கேற்ப இடம் மாறியிருக்கிறது.

செயற்கைக் கண் இருந்தால் அது மற்றக் கண்ணோடு முழுதாகச் சேர்ந்து நகராது. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்ப்பதாக வரைந்தால் அவருடைய மனைவிக்கு உடனே தெரியும், இது அவர் இல்லை என்று.

அமர்வின் முடிவில், அவர் பேசும்போதும் சிரிக்கும்போதும் விரைவாகச் சில கோட்டுச் சித்திரங்கள் எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற சிரிப்பை அமைதியான உருவப்படம் ஒருபோதும் காட்டாது. பாஸ்டல் பொடி உதிராமல் இருக்க மேலே தெளிக்கும் நிலைநிறுத்தி (fixative) வர்ணத்தைக் கறுக்கச் செய்யும். தோல் சாயல்களுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஆறாம் படி: கமரா

முழுச் சட்டகக் கமராவில் 85 முதல் 105 மில்லிமீற்றர் லென்ஸ் போதும். அகன்ற லென்ஸோடு நெருங்கிப் போனால் முன்னால் இருப்பது வீங்கும், பின்னால் இருப்பது சுருங்கும். சமச்சீர் இல்லாத முகத்தில் அது கேலிச்சித்திரமாகவே முடியும். கைத்தொலைபேசி என்றால் பின்னுக்கு நின்று தூர லென்ஸை எடுங்கள், முகத்தை மிருதுவாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது தழும்பைத் தேய்த்துவிட்டு ஏதோ ஒரு முகத்தைத் தரும்.

பிளாஷ் வேண்டாம், ஒட்டுத்தோலில் வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். மெல்லிய வெள்ளைத் துணி கட்டிய பெரிய ஜன்னலும் காலை வெளிச்சமும் போதும். பக்கவாட்டுக் கடும் வெளிச்சம் ஒவ்வொரு மேட்டையும் மலையாக்கும், முன்னிருந்து வரும் மென்மையான வெளிச்சம் அவற்றை அடக்கும். இதில் உண்மையான வெளிச்சம், பொய்யான வெளிச்சம் என்று எதுவும் இல்லை. முதற்படியில் எழுதிய வசனத்தை எடுத்துப் பாருங்கள், அது சொல்லும். வைத்தியருக்கானால் நேர்முகம், இரு பக்கவாட்டு, ஒரே தூரம், ஒரே வெளிச்சம், நிற அட்டை. வீட்டுக்கானால் எந்தப் பக்கம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். காலிமுகத்திடலின் நண்பகல் வெயிலில் கூட்டிச்சென்று கடலைப் பின்னால் வைக்காதீர்கள். பழுப்பு முகம் இருண்டுபோகும், ஒட்டுத்தோலுக்கு வெயிலும் ஆகாது. வெளிச்ச அளவைப் பின்னணியில் எடுக்காமல் கன்னத்தில் எடுங்கள்.

இன்னொன்று. படத்தைக் காட்டியதும், “தம்பி, இது நான் கண்ணாடியில் பார்க்கிற ஆள் இல்லையே” என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டுகிறது. சமச்சீரான முகத்துக்கு அந்த வித்தியாசம் சிறியது. ஒரு பக்கம் இழுபட்ட முகத்துக்கோ அது வேறொரு மனிதர். திரையில் படத்தைத் திருப்பிப்போட்டு இரண்டையும் காட்டுங்கள். உலகம் பார்க்கிற முகத்தைப் பலர் அப்போதுதான் முதல் தடவையாக அமைதியாகப் பார்க்கிறார்கள். அதற்கு நேரம் கொடுங்கள்.

ஏழாம் படி: மறுத்துவிட்டால்

பலர் மறுப்பார்கள். அப்போது முகம் இல்லாமலே செய்வதற்கு வழி இருக்கிறது. ஓவியர் சந்திரகுப்த தேனுவர 1997இல், கொழும்புச் சோதனைச் சாவடிகளில் உருமறைப்பு வர்ணம் பூசி நின்ற தார்ப் பீப்பாய்களையே தன் கலைக்கு எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டு வரைபடங்களிலிருந்து ஒரு பெரிய படைப்பை உருவாக்கினார். சவரக் கத்தி, கறுப்புக் கண்ணாடி, கைக்குட்டை, பழைய அடையாள அட்டையில் இருக்கும் வேறு முகம். அவர் எதைக் காட்டச் சம்மதிக்கிறாரோ அதை வரையுங்கள்.

எட்டாம் படி: காட்சிக்கு வைத்தல்

காயத்துக்கு முன், காயத்துக்குப் பின் என்று இரண்டு படத்தை அருகருகே மாட்டும் பழக்கம் வைத்தியக் கோப்புக்கு உரியது. மண்டபத்தில் அது மனிதரை நோயாளியாக்கிவிடுகிறது. குறிப்பில் வீரர், தியாகி, பாதிக்கப்பட்டவர் என்று நீங்களாக எதுவும் சேர்க்காதீர்கள். அவர் அனுமதித்த பெயர், அவர் இப்போது செய்யும் தொழில், ஆண்டு. அவ்வளவுதான். அளவு உண்மை முகத்தின் அளவைத் தாண்ட வேண்டியதில்லை, மாட்டும் உயரம் பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக இருக்கட்டும்.

வாசலில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று காட்சிக்கூடக்காரர் கேட்பார். சிட்கப்பில் நோயாளிகள் உட்காரும் வீதியோர வாங்குகளுக்கு நீல வர்ணம் பூசியிருந்தார்கள், ஊரார் தூரத்திலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று. பச்சைக் காயத்தின் வைத்தியப் படம் என்றால் பலகைக்கு நியாயம் உண்டு. ஆறிய முகத்துக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. திறப்பு விழாவுக்கு அந்த மனிதரே குடும்பத்தோடு வருவார். தன் முகத்தைப் பற்றிய எச்சரிக்கையைப் படித்துவிட்டா அவர் உள்ளே வர வேண்டும்?

இணையத்தில் போட அனுமதி இருந்தால், கோப்பில் பதிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள். லொட்ஜில் எடுத்த படம் லொட்ஜின் முகவரியையும் சேர்த்துக்கொண்டு போகும்.

கடைசியாக, பாதுகாப்பும் மீளப்பெறுதலும்

கொழும்பின் ஈரக்காற்றில் பாஸ்டல் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும். கிளாசின் (glassine) என்ற வழவழப்பான மெல்லிய தாளால் மூடி, தட்டையாக, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு பெட்டியில் வையுங்கள். கடலோரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். கண்ணாடிச் சட்டமிட்டால் கண்ணாடி பாஸ்டலைத் தொடாதபடி இடைவெளி விடுங்கள். புகைப்படக் கோப்புகளைப் பூட்டுச்சொல்லோடு இரண்டு இடங்களில் வையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பரப்பாதீர்கள். ஒரு நல்ல பிரதியைச் சட்டமிட்டு அவருக்குக் கொடுங்கள். சுவரில் மாட்டுவாரா அலுமாரிக்குள் வைப்பாரா என்பது அவர் பாடு.

ஒரு நாள் அவரோ மகளோ தொலைபேசியில் அழைத்து, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கலாம். காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். யாரிடம் எல்லாம் அந்தப் படம் இருக்கிறது என்ற பட்டியல் அதற்காகத்தான் முதல் நாளிலிருந்தே வேண்டும். அச்சகம், காட்சிக்கூடம், பத்திரிகை, உங்கள் தளம், உங்கள் மாணவரின் மடிக்கணினி. மீளப்பெறும் நிபந்தனை எழுதிய அனுமதிக் கடிதத்தின் பிரதியைப் படம் கொடுக்கும்போதே அவர்கள் எல்லோரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.